பிரையன் ஜோன்ஸ்

பிரையன் ஜோன்ஸ் (பிப்ரவரி 28, 1942 – ஜூலை 3, 1969) இங்கிலாந்தைச் சேர்ந்த ஓர் இசைக்கலைஞர் ஆவார். இவரது முழுப்பெயர் லூயிஸ் பிரையன் ஹாப்கின் ஜோன்ஸ். உலகப் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான தி ரோலிங் ஸ்டோன்ஸைத் தொடங்கியவரும் அதற்குப் பெயரிட்டவரும் இவரே. கிட்டார், ஹார்மோனிகா ஆகியவற்றுடன் சிதார், மரிம்பா, ரெக்கார்டர், டல்சிமர், மெல்லோட்ரான் முதலிய பல கருவிகளையும் இவர் அக்குழுவின் பாடல்களில் வாசித்துள்ளார்.

1969ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜோன்ஸ் தாம் தொடங்கிய குழுவிலிருந்தே விலக்கப்பட்டார். அடுத்த ஒரு மாதத்திற்குள், 27ஆம் வயதில், தம் வீட்டின் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான லெட் இட் பிளீட் என்னும் இசைத்தொகுப்பு, குழுவின் உறுப்பினர் மாற்றக் காலத்தில் உருவானதாகும். அதில் உள்ள 9 பாடல்களில் இரண்டில் மட்டுமே ஜோன்ஸின் வாசிப்பு இடம்பெற்றுள்ளது. அவருக்குப் பதிலாகச் சேர்ந்த மிக் டெய்லரின் வாசிப்பும் இரண்டில் மட்டுமே உள்ளது.

இளமைக் காலம்

ஜோன்ஸ் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ள செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். இவரது பெற்றோர் வேல்ஸ் நாட்டு வழிவந்தவர்கள். தந்தை வானூர்திப் பொறியாளர். பியானோவும் ஆர்கனும் வாசிக்கத் தெரிந்தவர். தாய் பியானோ ஆசிரியை. எனவே ஜோன்ஸின் முதல் இசைப்பயிற்சி வீட்டிலேயே தொடங்கியது. இவரது தங்கை ஒருவர் 1945இல் குழந்தைப் பருவத்திலேயே இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஜோன்ஸுக்கு 4 வயதில் ஏற்பட்ட தொண்டை நோயின் விளைவாக ஆஸ்துமா உண்டாயிற்று. அந்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

படிப்பில் இவர் சிறந்து விளங்கினார். செல்டன்ஹாம் இலக்கணப் பள்ளியில் பெரிதாக முயற்சி செய்யாமலே நல்ல மதிப்பெண்கள் பெற்றார். ஆயினும் சீருடை, கட்டுப்பாடு ஆகியவற்றை எதிர்த்துப் பள்ளி நிர்வாகத்துடன் பலமுறை மோதினார். பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தார். 1957இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் இசையைக் கேட்டபின் சாக்சபோன் மீது ஆர்வம் கொண்டு, பெற்றோரை வற்புறுத்தி அதனை வாங்கினார். 17ஆவது பிறந்தநாளுக்குப் பெற்றோர் அவருக்கு ஒரு கிட்டார் வாங்கித் தந்தனர்.

1959இல் இவரால் ஒரு மாணவி கருவுற்றது ஊரில் பெரும் பேச்சாயிற்று. ஜோன்ஸ் பள்ளியை விட்டு வெளியேறி, சில காலம் வட ஐரோப்பிய நாடுகளில் தெருக்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தார். பின்வந்த ஆண்டுகளிலும் வெவ்வேறு பெண்களின் மூலம் இவருக்குக் குழந்தைகள் பிறந்தனர். அவர்களை வளர்க்கும் பொறுப்பை இவர் ஏற்கவில்லை.

லண்டனில் தொடக்கம்

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்து இளைஞர்களில் ஒரு சிறு பிரிவினர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தனர். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அலெக்சிஸ் கோர்னர். செல்டன்ஹாமில் நிகழ்ச்சி நடத்த வந்த கோர்னரைச் சந்தித்த ஜோன்ஸ், அவரது ஊக்கத்தால் லண்டன் சென்றார். அங்கு எல்மோ லூயிஸ் என்ற புனைபெயரில் மேடையேறினார். புளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் நினைவாக அப்பெயரை அமைத்துக்கொண்டார்.

ஜேம்ஸிடமிருந்து இவர் கற்றது ஸ்லைடு கிட்டார் முறையாகும். இதில் கிட்டாரின் தந்திகளை விரல்களால் அழுத்துவதற்குப் பதிலாக, ஒரு கண்ணாடி அல்லது உலோகக் குழாயைத் தந்திகளின் மீது நகர்த்தி வாசிப்பர். கோட்டுவாத்தியத்தில் உருளையான கட்டையை நகர்த்தி வாசிப்பதைப் போன்றது இது. இங்கிலாந்தில் இம்முறையை முதன்முதலில் கையாண்ட சில கிட்டார் கலைஞர்களுள் ஜோன்ஸும் ஒருவர்.

1962 ஏப்ரலில் லண்டனின் ஈலிங் பகுதியில் இருந்த ஜாஸ் மன்றத்தில் ஜோன்ஸ் வாசிப்பதை மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்ற இரு இளைஞர்கள் கண்டனர். இருவரும் ஜோன்ஸைவிட ஏறத்தாழ இரண்டு வயது இளையவர்கள். அப்போது இன்னும் தொழில்முறைக் கலைஞர்கள் ஆகாதவர்கள். தாங்கள் இசைத்தட்டுகளில் மட்டுமே கேட்டிருந்த இசையைத் தங்கள் வயதை ஒத்த ஒருவர் மேடையில் வாசித்தது அவர்களைப் பெரிதும் கவர்ந்தது.

குழுவின் தோற்றமும் பெயரும்

1962 மே மாதம் ஜாஸ் நியூஸ் என்ற இதழில் புதிய குழு ஒன்றிற்குக் கலைஞர்கள் தேவை என ஜோன்ஸ் விளம்பரம் செய்தார். முதலில் வந்தவர் பியானோ கலைஞரான இயன் ஸ்டூவர்ட். பின்னர் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இணைந்தனர். குழுவின் முதல் நிகழ்ச்சி குறித்து இதழுக்குத் தொலைபேசியில் தெரிவித்தபோது, குழுவின் பெயர் என்ன என்று கேட்கப்பட்டது. அருகில் கிடந்த மட்டி வாட்டர்ஸின் இசைத்தட்டில் இருந்த ஒரு பாடலின் பெயரைக் கண்ட ஜோன்ஸ், அதையே குழுவின் பெயராகக் கூறினார். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயர் இவ்வாறே உருவாயிற்று.

1962 ஜூலை 12 அன்று லண்டன் மார்க்கீ மன்றத்தில் அப்பெயரில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. அந்த ஆண்டின் கடுங்குளிர் காலத்தில் ஜோன்ஸ், ஜாகர், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் செல்சி பகுதியில் ஈடித் குரோவ் தெருவில் வசதியற்ற ஒரு குடியிருப்பில் ஒன்றாகத் தங்கினர். அங்கு ஜோன்ஸும் ரிச்சர்ட்ஸும் நாள் முழுவதும் இசைத்தட்டுகளைக் கேட்டு, இரண்டு கிட்டார்களும் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் வாசிப்பு முறையைப் பழகினர். குழுவின் தனித்தன்மை எனப் பின்னர் கருதப்பட்டது இம்முறையே. 1962 டிசம்பரில் பில் வைமனும் (பேஸ் கிட்டார்), 1963 ஜனவரியில் சார்லி வாட்ஸும் (டிரம்ஸ்) குழுவில் சேர்ந்தனர்.

இக்காலத்தில் குழுவின் தலைவர் ஜோன்ஸே. நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்வதும், பாடல்களைத் தேர்ந்தெடுப்பதும், இதழ்களுக்குக் கடிதம் எழுதுவதும் அவரது பணிகளாக இருந்தன. 1963 மே மாதம் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம், எரிக் ஈஸ்டன் ஆகிய மேலாளர்களுடன் குழுவின் சார்பில் ஒப்பந்தம் செய்துகொண்டவரும் அவரே. தலைவர் என்ற முறையில் பிறரைவிட வாரத்துக்கு 5 பவுண்டு கூடுதலாக அவர் பெற்றுவந்தது பின்னர் தெரியவந்தபோது, மற்ற உறுப்பினர்கள் மனக்கசப்பு அடைந்தனர்.

மேலாளரான பிறகு ஓல்ட்ஹாம், குழுவில் 6 பேர் இருப்பது அதிகம் என்றும் ஸ்டூவர்ட்டின் தோற்றம் பொருந்தவில்லை என்றும் கருதி அவரை நீக்கினார். விளம்பரத்தைக் கண்டு முதலில் வந்தவரே முதலில் நீக்கப்பட்டார். ஆயினும் ஸ்டூவர்ட் பயண மேலாளராகவும் ஒலிப்பதிவுகளில் பியானோ கலைஞராகவும் 1985இல் இறக்கும் வரை குழுவுடன் இருந்தார்.

தலைமை கைமாறுதல்

தொடக்கத்தில் இக்குழு பெரும்பாலும் அமெரிக்கக் கலைஞர்களின் பாடல்களையே வாசித்தது. 1964 நவம்பரில் வெளியான லிட்டில் ரெட் ரூஸ்டர் என்னும் புளூஸ் பாடல், ஜோன்ஸின் ஸ்லைடு கிட்டாருடன் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தூய புளூஸ் பாடல் ஒன்று அவ்வாறு முதலிடம் பெற்றது அரிய நிகழ்வாகும். ஜோன்ஸ் விரும்பிய இசைக்குக் கிடைத்த பெருவெற்றி எனவும் இதனைக் கூறலாம். 1965 மே மாதம் ஷிண்டிக் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, புளூஸ் கலைஞர் ஹவ்லின் உல்ஃபும் அதில் பாட வேண்டும் எனக் குழு கேட்டுக்கொண்டது. ஜோன்ஸ் அவரை மேடையில் மிகுந்த மரியாதையுடன் அறிமுகம் செய்தார்.

ஆனால் அதே காலத்தில் குழுவின் போக்கு மாறத் தொடங்கியது. பிறர் பாடல்களை மட்டுமே நம்பி நெடுங்காலம் நிலைக்க முடியாது என்று உணர்ந்த ஓல்ட்ஹாம், பீட்டில்ஸ் குழுவின் லெனன், மெக்கார்ட்னி இணையைப் போன்று ஜாகரும் ரிச்சர்ட்ஸும் பாடல்களை எழுத வேண்டும் என வற்புறுத்தினார். 1965 தொடக்கத்தில் வெளியான தி லாஸ்ட் டைம், அவ்விருவர் எழுதி இங்கிலாந்தில் வெளியான குழுவின் முதல் முதன்மைப் பாடலாகும். அதே ஆண்டில் வந்த சாட்டிஸ்ஃபாக்‌ஷன் உலகெங்கும் புகழ்பெற்றது. 1966இல் வெளியான ஆஃப்டர்மேத் தொகுப்பின் எல்லாப் பாடல்களையும் அவ்விருவரே எழுதினர்.

இதன் விளைவு பெரிது. இசைத்துறையில் ஒரு பாடலை வாசிப்பவருக்குக் கிடைக்கும் வருவாய் வேறு. எழுதியவருக்குக் கிடைக்கும் உரிமத்தொகை வேறு. பாடல் விற்கப்படும்போதும், ஒலிபரப்பப்படும்போதும், பிறரால் பாடப்படும்போதும் எழுதியவருக்குத் தனியாகப் பங்கு உண்டு. எந்தப் பாடலைப் பதிவு செய்வது என்ற முடிவும் இயல்பாகவே எழுதுபவர் கைக்குச் சென்றது. குழுவினர் அனைவரும் சேர்ந்து உருவாக்கிய சில தொடக்ககாலப் பாடல்களுக்கு நாங்கர் ஃபெல்ஜ் என்ற பொதுப்பெயர் இடப்பட்டது. அவற்றைத் தவிர, ரோலிங் ஸ்டோன்ஸின் பாடல்களில் ஜோன்ஸ் எழுதியதாக எதுவும் குறிக்கப்படவில்லை.

பல்கருவிக் கலைஞர்

பாடல் எழுதாத ஜோன்ஸ், பிறர் எழுதிய பாடல்களுக்கு நிறம் தருபவராக மாறினார். 1966, 1967ஆம் ஆண்டுகளில் கிட்டாரைக் குறைத்துக்கொண்டு புதிய கருவிகளைத் தேடினார். எந்தக் கருவியையும் எடுத்துச் சில மணி நேரத்தில் பாடலுக்குத் தேவையான அளவு வாசிக்கக் கற்றுக்கொள்ளும் திறன் அவரிடம் இருந்தது.

1966இல் வெளியான பெயின்ட் இட் பிளாக் பாடலின் சிதார் இசை இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் அதற்கு முந்தைய ஆண்டே சிதாரைப் பயன்படுத்தியிருந்தார். ஜோன்ஸ், பண்டிட் ரவிசங்கரின் மாணவரான ஹரிஹர் ராவிடம் சிதார் பயின்றவர். பெயின்ட் இட் பிளாக்கில் சிதார் வெறும் அலங்காரமாக இல்லாமல், பாடலின் முதன்மை மெட்டையே ஏந்திச் செல்கிறது. இப்பாடல் இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளிலும் முதலிடம் பெற்றது.

அண்டர் மை தம்ப் பாடலின் மரிம்பா, லேடி ஜேன் பாடலின் டல்சிமர், ரூபி டியூஸ்டே பாடலின் ரெக்கார்டர் ஆகியவையும் இவருடையவையே. இப்பாடல்களிலிருந்து அக்கருவிகளை நீக்கிவிட்டால் அவற்றின் அடையாளமே மாறிவிடும். எனினும் பாடல்களின் கீழ் எழுதியவர்களாக இருப்பவை ஜாகர், ரிச்சர்ட்ஸ் ஆகிய இரு பெயர்களே.

1967இல் ஃபோல்கர் ஷ்லோன்டோர்ஃப் இயக்கிய மோர்ட் உண்ட் டோட்ஷ்லாக் என்ற ஜெர்மன் திரைப்படத்திற்கு ஜோன்ஸ் இசையமைத்தார். அப்படம் அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் போட்டியிட்டது. தனியாகப் பொறுப்பேற்று முடித்த அப்பணி, இசையமைக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை என்ற கருத்துக்கு மறுப்பாகக் காட்டப்படுவதுண்டு. அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் மான்டெரே இசைவிழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸை மேடையில் அறிமுகம் செய்தவரும் ஜோன்ஸே.

வழக்குகளும் உடல்நலமும்

1967ஆம் ஆண்டு ஜோன்ஸின் வாழ்வில் பெரும் சரிவு ஏற்பட்டது. அவரது காதலியான நடிகை அனிட்டா பாலன்பெர்க், அவர், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் அந்த ஆண்டின் தொடக்கத்தில் மொரோக்கோவுக்குப் பயணம் மேற்கொண்டனர். வழியில் பிரான்சில் ஜோன்ஸ் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மற்றவர்கள் பயணத்தைத் தொடர்ந்தனர். அப்பயணத்தின் முடிவில் பாலன்பெர்க் ஜோன்ஸைப் பிரிந்து ரிச்சர்ட்ஸுடன் சென்றார். ஜோன்ஸ் பாலன்பெர்க்கிடம் வன்முறையாக நடந்துகொண்டதே பிரிவுக்குக் காரணம் என வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். குழுவில் ஜோன்ஸுக்கு மிக நெருக்கமாக வாசித்தவர் ரிச்சர்ட்ஸ் என்பதால், இந்நிகழ்வு இருவரது இசையுறவையும் முறித்தது.

1967 மே 10 அன்று ஜோன்ஸ் லண்டனில் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். வேறொரு போதைப்பொருள் வழக்கில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் நீதிமன்றத்தில் நின்ற அதே நாள் அது. அக்டோபரில் ஜோன்ஸுக்கு 9 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரது மனநிலை குறித்து மருத்துவர்கள் அளித்த சாட்சியத்தின் அடிப்படையில், டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை 1,000 பவுண்டு அபராதமாகவும் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பாகவும் மாற்றியது. 1968 மே மாதம் அவர் மீண்டும் கைதானார். அவ்வழக்கிலும் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தபோதிலும், அபராதத்துடன் விடப்பட்டார்.

தொடர்ந்த மது, போதைப் பழக்கங்களும் வழக்குகளின் அச்சமும் அவரது உடல்நலத்தையும் வாசிப்பையும் பாதித்தன. ஒலிப்பதிவுகளுக்கு வராமல் இருப்பதும், வந்தாலும் வாசிக்க இயலாத நிலையில் இருப்பதும் வழக்கமாயின. 1968 ஜூனில் பிரெஞ்சு இயக்குநர் ழான் லுக் கோதார் குழுவின் ஒலிப்பதிவைப் படமாக்கினார். ஒன் பிளஸ் ஒன் என்ற அப்படத்தில், தடுப்புகளுக்கு நடுவே தனியாக அமர்ந்து ஜோன்ஸ் கிட்டார் வாசிக்கும் காட்சிகள் குழுவில் அவருக்கு ஏற்பட்டிருந்த தனிமையைக் காட்டுகின்றன.

இருப்பினும் அதே ஆண்டில் பதிவான நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ் பாடலில் அவரது ஸ்லைடு கிட்டார் மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. ஜோன்ஸ் முழு ஈடுபாட்டுடன் வாசித்த கடைசிப் பாடல் அதுவே என ஜாகர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

மொரோக்கோ ஒலிப்பதிவு

1968இல் ஜோன்ஸ் மொரோக்கோவின் ரிஃப் மலைப்பகுதியில் உள்ள ஜஜூக்கா என்ற கிராமத்திற்குச் சென்றார். அங்கு தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டுவரும் குழல், முரசு இசையை ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் சியான்ட்ஸின் உதவியுடன் பதிவு செய்தார். பின்னர் லண்டனில் அப்பதிவுகளைத் தொகுத்து, சில ஒலி மாற்றங்களையும் செய்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல் இது இசைத்தொகுப்பாக வெளியானது. பிற நாட்டு மரபிசையை மேற்கத்திய ராக் ரசிகர்களிடம் கொண்டுசென்ற தொடக்க முயற்சிகளுள் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

1968 நவம்பரில் ஜோன்ஸ் கிழக்கு சசெக்சில் ஹார்ட்ஃபீல்டு அருகே உள்ள கோச்ஃபோர்டு பண்ணை வீட்டை வாங்கினார். வின்னி த பூ என்னும் புகழ்பெற்ற சிறுவர் கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்ன் வாழ்ந்த வீடு அது. டிசம்பரில் ராக் அண்டு ரோல் சர்க்கஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் குழுவுடன் கடைசியாக மேடையேறினார். அந்நிகழ்ச்சி 1996இல்தான் வெளியிடப்பட்டது.

லெட் இட் பிளீட்

லெட் இட் பிளீட் தொகுப்பின் ஒலிப்பதிவு 1968 நவம்பரில் தொடங்கி, 1969ஆம் ஆண்டின் பெரும்பகுதி நடைபெற்றது. லண்டனின் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரும்பாலான பணிகளும், லாஸ் ஏஞ்சலஸில் இறுதிப் பணிகளும் நடந்தன. ஜிம்மி மில்லர் தயாரிப்பாளர். கிளின் ஜான்ஸ் ஒலிப்பதிவாளர்.

ஜோன்ஸ் குழுவில் இருந்தபோதே இத்தொகுப்பின் பல பாடல்கள் பதிவாயின. ஆயினும் அவரது பங்களிப்பு இரண்டு பாடல்களோடு நின்றுவிட்டது. மிட்நைட் ராம்ப்ளர் பாடலில் காங்கோ என்னும் கைமுரசுகளையும், யூ காட் த சில்வர் பாடலில் ஆட்டோஹார்ப் என்னும் தந்திக்கருவியையும் வாசித்துள்ளார். ஸ்லைடு கிட்டாரால் அறியப்பட்ட அவர் இத்தொகுப்பில் கிட்டாரே வாசிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. யூ காட் த சில்வர், ரிச்சர்ட்ஸ் ஒரு பாடல் முழுவதையும் தனியாகப் பாடிய முதல் பாடலாகும். ஜோன்ஸின் கடைசி வாசிப்புகளுள் ஒன்று ரிச்சர்ட்ஸின் குரலுக்குத் துணையாக அமைந்தது.

ஜோன்ஸ் விட்ட இடத்தை ரிச்சர்ட்ஸே நிரப்பினார். ஒலிநாடாவில் பல தடங்களில் தனித்தனியே பதிவு செய்யும் வசதியைப் பயன்படுத்தி, ஒரே பாடலில் பின்னணிக் கிட்டார், முன்னணிக் கிட்டார், ஸ்லைடு கிட்டார் ஆகியவற்றை அவர் ஒன்றன்மீது ஒன்றாக வாசித்தார். ஈடித் குரோவ் வீட்டில் இருவர் சேர்ந்து உருவாக்கிய பின்னல் இசையை, இத்தொகுப்பில் ஒருவரே தம்முடன் தாமே வாசிக்க நேர்ந்தது.

பிற கருவிகளுக்கு வெளியிலிருந்து கலைஞர்கள் அழைக்கப்பட்டனர். லவ் இன் வெயின் பாடலில் ராய் கூடர் மாண்டலின் வாசித்தார். கண்ட்ரி ஹாங்க் பாடலில் பைரன் பெர்லின் ஃபிடில் வாசித்தார். நிக்கி ஹாப்கின்ஸ், லியான் ரஸ்ஸல், இயன் ஸ்டூவர்ட் ஆகியோர் பியானோ வாசித்தனர். தொகுப்பின் கடைசிப் பாடலில் ஆல் கூப்பர் ஆர்கனும் பிரெஞ்சு ஊதுகொம்பும் வாசிக்க, லண்டன் பாக் பாடகர் குழுவும் பங்கேற்றது. முந்தைய தொகுப்புகளில் இத்தகைய புதிய ஒலிகளைச் சேர்ப்பது ஜோன்ஸ் ஒருவரின் பணியாக இருந்தது. அதற்குப் பலர் தேவைப்பட்டனர் என்பது அவர் ஆற்றிவந்த பணியின் அளவை உணர்த்துகிறது.

1969 மே மாத இறுதியில் மிக் டெய்லர் ஒலிப்பதிவுக்கு அழைக்கப்பட்டார். 20 வயதான அவர் ஜான் மயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் வாசித்து வந்தவர். லிவ் வித் மீ, கண்ட்ரி ஹாங்க் ஆகிய இரு பாடல்களில் அவரது கிட்டார் இடம்பெற்றுள்ளது. ஜோன்ஸும் டெய்லரும் இணைந்து வாசித்த பாடல் எதுவும் இத்தொகுப்பில் இல்லை.

குழுவிலிருந்து விலக்கம்

குழு 1966க்குப் பிறகு அமெரிக்காவில் இசைப்பயணம் மேற்கொள்ளவில்லை. 1969இல் அதற்குத் திட்டமிட்டபோது இரண்டு தடைகள் எழுந்தன. இரண்டு முறை தண்டனை பெற்ற ஜோன்ஸுக்கு அமெரிக்க விசா கிடைப்பது ஐயமாக இருந்தது. பல வாரங்கள் நாள்தோறும் மேடையில் வாசிக்கும் உடல்நிலையும் அவருக்கு இல்லை.

1969 ஜூன் 8 அன்று ஜாகர், ரிச்சர்ட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவரும் கோச்ஃபோர்டு பண்ணைக்குச் சென்று, அவர் இல்லாமல் குழு தொடரும் என்ற முடிவைத் தெரிவித்தனர். விலகலை எவ்வாறு வெளியிடுவது என்பது ஜோன்ஸின் விருப்பத்திற்கு விடப்பட்டது. இசை குறித்த கருத்து வேறுபாட்டால் தாமே விலகுவதாக அவர் அறிக்கை வெளியிட்டார். சில நாட்களில், ஜூன் 13 அன்று, டெய்லர் புதிய உறுப்பினராகச் செய்தியாளர்களுக்கு அறிமுகம் செய்யப்பட்டார்.

விலகிய பிறகு ஜோன்ஸ் புதிய குழு ஒன்றைத் தொடங்க எண்ணி, தமக்கு முதலில் வழிகாட்டிய அலெக்சிஸ் கோர்னர் உள்ளிட்ட சிலருடன் பேசிவந்தார்.

மறைவு

1969 ஜூலை 2 நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் ஜோன்ஸ் தம் வீட்டு நீச்சல் குளத்தின் அடியில் அசைவற்றுக் கிடந்தார். அவரைக் காப்பாற்றும் முயற்சிகள் பயனளிக்கவில்லை. மது, மருந்துகளின் தாக்கத்தில் நீரில் மூழ்கியதால் நேர்ந்த விபத்து மரணம் என விசாரணையில் தீர்ப்பளிக்கப்பட்டது. அவரது கல்லீரலும் இதயமும் பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தது.

அவர் கொலை செய்யப்பட்டார் என்ற கருத்து பின்னர் பல நூல்களிலும் திரைப்படங்களிலும் முன்வைக்கப்பட்டது. புதிய தகவல்கள் அளிக்கப்பட்டதைத் தொடர்ந்து 2009இல் சசெக்ஸ் காவல்துறை இவ்வழக்கை மீளாய்வு செய்தது. முந்தைய தீர்ப்பை மாற்றும் புதிய சான்று எதுவும் இல்லை என 2010இல் அறிவித்தது.

டெய்லரை அறிமுகம் செய்வதற்காக லண்டன் ஹைடு பூங்காவில் ஜூலை 5 அன்று இலவச நிகழ்ச்சி ஒன்று முன்னரே திட்டமிடப்பட்டிருந்தது. அது ஜோன்ஸுக்கு அஞ்சலி நிகழ்ச்சியாக மாறியது. கூட்டம் 2,50,000 முதல் 5,00,000 வரை இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஜாகர் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் இரங்கற்பாவிலிருந்து சில பகுதிகளைப் படித்தார். பின்னர் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பறக்கவிடப்பட்டன.

ஜூலை 10 அன்று ஜோன்ஸின் உடல் செல்டன்ஹாமில் அடக்கம் செய்யப்பட்டது. குழு உறுப்பினர்களில் வைமனும் வாட்ஸும் மட்டுமே இறுதிச் சடங்கில் கலந்துகொண்டனர். ஜாகர் அப்போது திரைப்படம் ஒன்றில் நடிக்க ஆஸ்திரேலியா சென்றிருந்தார்.

மறைவுக்குப் பின்

1969 டிசம்பரில் லெட் இட் பிளீட் இங்கிலாந்தில் வெளியாகி, பீட்டில்ஸின் ஆபி ரோடு தொகுப்பைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் மூன்றாமிடம் பெற்றது. இன்றும் குழுவின் மிகச் சிறந்த தொகுப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஜோன்ஸ் அதன் வெற்றியைக் காணவில்லை. டெய்லர் 1974 டிசம்பர் வரை குழுவில் இருந்தார்.

ஜோன்ஸுக்குப் பிறகு ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜோப்ளின் ஆகியோர் 1970இலும், ஜிம் மாரிசன் 1971இலும் இறந்தனர். நால்வருமே 27 வயதில் இறந்தவர்கள். மாரிசன் இறந்ததும் ஜூலை 3ஆம் நாளே. 1989இல் ராக் அண்டு ரோல் புகழரங்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் சேர்க்கப்பட்டபோது ஜோன்ஸின் பெயரும் இடம்பெற்றது. இவரது வாழ்வைப் பற்றி 2005இல் ஸ்டோன்டு என்ற திரைப்படமும், 2023இல் நிக் புரூம்ஃபீல்டு இயக்கிய ஆவணப்படமும் வெளிவந்தன.

மதிப்பீடு

ஜோன்ஸ் குழுவிலிருந்து விலக்கப்பட்டது பற்றி இரு கருத்துகள் உள்ளன. பாடல் எழுதும் வாய்ப்பும் அதிகாரமும் மறுக்கப்பட்டதால் அவர் மனமுடைந்து சீரழிந்தார் என்பது ஒன்று. அவரது பழக்கங்களும் பிறரிடம் நடந்துகொண்ட முறையும் குழுவுக்கு வேறு வழியில்லாமல் செய்துவிட்டன என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரங்கள் உள்ளன. ஒன்று மற்றொன்றை முற்றிலும் மறுப்பதாகவும் இல்லை.

குழுவை அமைத்தவர், பெயரிட்டவர், அதன் தொடக்ககால இசையை வடிவமைத்தவர் என்ற இடம் அவருக்கு எப்போதும் உண்டு. பாடல் எழுதியவர்களின் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் அச்சிடப்படுகின்றன. ஒரு பாடலுக்கு அதன் ஒலியைத் தந்தவரின் பங்கை அப்பாடலைக் கேட்டே அறிய வேண்டியுள்ளது. பெயின்ட் இட் பிளாக்கின் சிதாரிலும் ரூபி டியூஸ்டேயின் ரெக்கார்டரிலும் ஜோன்ஸின் பங்கு தெளிவாகக் கேட்கிறது. லெட் இட் பிளீட் தொகுப்பில் அதனைத் தேடித்தான் கேட்க வேண்டும்.

குறிப்பிடத்தக்க வாசிப்புகள்

லிட்டில் ரெட் ரூஸ்டர் (1964) – ஸ்லைடு கிட்டார்
பெயின்ட் இட் பிளாக் (1966) – சிதார்
அண்டர் மை தம்ப் (1966) – மரிம்பா
லேடி ஜேன் (1966) – டல்சிமர்
ரூபி டியூஸ்டே (1967) – ரெக்கார்டர்
2000 லைட் இயர்ஸ் ஃப்ரம் ஹோம் (1967) – மெல்லோட்ரான்
நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ் (1968) – ஸ்லைடு கிட்டார்
மிட்நைட் ராம்ப்ளர் (1969) – காங்கோ
யூ காட் த சில்வர் (1969) – ஆட்டோஹார்ப்
யூ நோ மை நேம் (பீட்டில்ஸ், 1970இல் வெளியானது) – சாக்சபோன்